வழுவும் வழுவமைதியும்: கோர்லிட்ஸ் லென்ஸ்களை முன்வைத்து

ஜெர்மனியின் கிழக்கு விளிம்பில், நைசே ஆற்றங்கரையில், கோர்லிட்ஸ் என்றொரு பழைய ஊர் இருக்கிறது. 1945க்குப் பிறகு ஆறே நாட்டெல்லையாகிவிட்டதால் அக்கரைப் பகுதி போலந்துக்குப் போய் வேறு பெயர் பெற்றது. பாலத்தைக் கடந்தால் வேறு மொழி, வேறு நாணயம். சமய இலக்கியத்தில் ஆர்வமுள்ளவர்கள் இந்த ஊரை யாக்கோப் போமே என்ற பெயரோடு சேர்த்து அறிந்திருக்கலாம். செருப்புத் தைக்கும் தொழில் செய்துகொண்டே இறையனுபவத்தைப் பற்றி எழுதி, உள்ளூர்ப் பாதிரியாரின் கோபத்துக்கு ஆளாகி, 1624இல் அங்கேயே மறைந்த மனிதர். சினிமா பார்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்லலாம்: 2014இல் வெளிவந்த 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' படத்தின் பெரும்பகுதி இந்த ஊரில்தான் எடுக்கப்பட்டது. நான் எழுத வந்தது இந்த இரண்டையும் பற்றி அல்ல. 1896இல் அங்கே தொடங்கப்பட்டு, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு லென்ஸ் செய்து, 1991இல் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையைப் பற்றி.

ஹ்யூகோ மேயர் கம்பெனி என்று பெயர். பொதுவாசகர்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. எனக்கும் மூன்று வருடங்களுக்கு முன்புவரை தெரியாது. முதுகலை வகுப்பு மாணவர் ஒருவர் தாம் எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினார். புல்நுனியில் பனித்துளி. அதன் பின்னால் படம் முழுக்கச் சோப்புக் குமிழிகள் மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு குமிழிக்கும் ஒளிரும் விளிம்பு, உள்ளே வெறுமை. கணினியில் செய்த வேலை என்று நினைத்தேன். "இல்லைங்க ஐயா, லென்ஸே அப்படித்தான் வரையும்" என்றார். ஸ்லைடு புரொஜெக்டரிலிருந்து கழற்றிய ஒரு பழைய லென்ஸை வளையம் ஒன்றின் உதவியால் தம் காமிராவில் பொருத்தியிருந்தார். அதன் விளிம்பில் பொறித்திருந்த ஊர்ப் பெயரை அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன்.

குமிழிகளுக்குக் காரணம் எளிமையானது. லென்ஸின் நடுப்பகுதி வழியே வரும் கதிர்களும் ஓரப்பகுதி வழியே வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். கோள வடிவில் தேய்த்த கண்ணாடி அப்படிச் சந்திக்க விடுவதில்லை. இதைத்தான் பள்ளிக்கூட இயற்பியல் கோளப் பிறழ்ச்சி என்கிறது. லென்ஸ் செய்பவர் குவி கண்ணாடியின் பிறழ்ச்சியைக் குழி கண்ணாடியால் ஈடுகட்டுகிறார். ஈடு சற்று மிகையாகிவிட்டால், கூர்மையாக விழும் பொருளுக்குப் பின்னால் இருக்கும் ஒளிப்புள்ளிகள் வட்டமாக விரியும்போது, வெளிச்சம் நடுவில் பரவாமல் விளிம்பில் போய்த் திரள்கிறது. அதுதான் குமிழி. சுருங்கச் சொன்னால் அது ஒரு பிழை, அளவிடத்தக்க, பெயரிடப்பட்ட பிழை.

இந்த இடத்தில் இலக்கணம் நடத்துகிறவனுக்கு ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகாது. நம் இலக்கணிகள் மொழியைச் சரி, தப்பு என்று இரண்டாகப் பிரித்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. வழாநிலை, வழு இரண்டுக்கும் அப்பால் வழுவமைதி என்று மூன்றாவதாக ஒன்றை வைத்தார்கள். இலக்கணப்படி வழுதான், ஆயினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது. வீட்டுப் பசுவைக் கண்ட மகிழ்ச்சியில் அம்மை வந்துவிட்டாள் என்று ஒருவர் சொன்னால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன வழு அது. உவப்பினால் சொன்னது என்பதால் அமைதி பெறுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுண்டு: அமைதி பெற்றதனால் வழு, வழுவல்லாமல் போய்விடுவதில்லை. இரண்டும் சேர்ந்தே நிற்கும். கோர்லிட்ஸ் லென்ஸ்களைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகிக்கொண்டே போனது.

ஹ்யூகோ மேயர் கண்ணாடித் தொழிலர். ஹைன்ரிஷ் ஷெட்சே என்ற வணிகரோடு சேர்ந்து 1896இல் கம்பெனியைத் தொடங்கினார். அரிஸ்டோஸ்டிக்மாட் என்ற லென்ஸ் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1905இலேயே மேயர் இறந்துவிட, மனைவியும் மகன்களும் நிறுவனத்தை நடத்தினார்கள். அன்றைய லென்ஸ் உலகில் யேனா நகரத்து ட்ஸைஸ் நிறுவனம் பேரரசு என்றால், மேயர் ஒரு குறுநில மன்னர். தரமான பொருள், ஆனால் இரண்டாம் வரிசை. இந்த வரிசைக் கணக்கு கடைசிவரை மாறவேயில்லை.

மாறியிருக்கக்கூடிய ஒரு தருணம் வந்தது. பவுல் ருடோல்ஃப் என்பவரை லென்ஸ் வரலாற்றின் கம்பர் என்று சொன்னால் மிகையாகாது (மிகைதான், ஆனாலும் இருக்கட்டும்). 1858இல் பிறந்தவர். 1886இல் ட்ஸைஸில் சேர்ந்து, 1890இல் பின்னாளில் ப்ரோட்டார் என்று பெயர் பெற்ற லென்ஸை வகுத்தார். 1896இல் ப்ளானார். அதாவது கோர்லிட்ஸில் மேயர் கடை திறந்த அதே ஆண்டு. 1902இல் டெஸ்ஸார். இன்றைக்கும் அந்தப் பெயர்களை லென்ஸ்களின் மேல் பார்க்கலாம். டெஸ்ஸாரைக் காமிராவின் கழுகுக்கண் என்றே கம்பெனி விளம்பரம் செய்தது. 1911இல் ருடோல்ஃப் ஓய்வு பெற்றார். வசதியானவர், இனி வேலை பார்க்க வேண்டிய அவசியமில்லாதவர். ஆனால் முதல் உலகப் போரும் அதைத் தொடர்ந்த பணவீக்கமும் அவருடைய செல்வத்தைக் கரைத்துவிட்டன. அறுபதைத் தாண்டிய வயதில் அவர் மீண்டும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. இம்முறை பேரரசுக்கு அல்ல, கோர்லிட்ஸுக்கு.

ஒரு மேதை முதுமையில் வறுமையால் சிறிய இடத்துக்கு வந்து சேர்வது நமக்குப் பழகிய கதைதான். புலவர் வரலாறுகளில் பாதி இதுதான். ஆனால் ருடோல்ஃப் பழைய சரக்கை விற்றுப் பிழைக்க வரவில்லை. பிளாஸ்மாட் என்ற புதிய குடும்பத்தையே கையில் கொண்டுவந்தார். அந்த வரிசையில் 1920களில் வந்த கினோ-பிளாஸ்மாட்டின் துளை அளவு எஃப்/1.5. அந்தக் காலத்து ஃபிலிமின் மந்தமான உணர்திறனுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்பதை இன்று கற்பனை செய்வதுகூடக் கடினம். சினிமாக் காமிராக்களுக்கென்று செய்யப்பட்டது. அவ்வளவு அகலமாகத் திறக்கும்போது படத்தின் ஓரங்கள் சுழல்காற்றில் சிக்கியதுபோல் சுழலும். இன்று அதை வாங்க வரிசையில் நிற்பவர்கள் அந்தச் சுழலுக்காகத்தான் நிற்கிறார்கள். 1935இல் இறந்த அந்தக் கிழவர் இதைக் கேள்விப்பட்டால் சிரிப்பாரா, கோபப்படுவாரா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பிறழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அகற்றுவதிலேயே ஆயுளைச் செலவிட்டவர் அவர்.

ருடோல்ஃபுக்குப் பின் கோர்லிட்ஸ் வடிவமைப்பில் முக்கியமான பெயர் ஸ்டெஃபான் ரோஷ்லைன். 1930களின் நடுவில் வந்த ப்ரிமோப்ளான் எஃப்/1.9 அவர் காலத்தது. 1936இல் டிரெஸ்டனின் இஹாகே நிறுவனம் வெளியிட்ட கினே எக்ஸாக்டா காமிராவோடு அந்த லென்ஸும் விற்பனையானது. முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிமுக்கான ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் காமிராக்களின் முன்னோடிகளில் ஒன்று அது.

குமிழி வரையும் லென்ஸின் கதை வேறு. அதன் பெயர் ட்ரையோப்ளான். பெயரிலேயே மூன்று இருக்கிறது: இரண்டு குவி கண்ணாடிகள், நடுவே ஒரு குழி கண்ணாடி. அவ்வளவுதான். இந்த அமைப்பு மேயருடையதும் அல்ல. இங்கிலாந்தில் யார்க் நகரத்துத் தொலைநோக்கிக் கம்பெனி ஒன்றில் பணியாற்றிய டென்னிஸ் டெய்லர் 1893இல் கண்டுபிடித்தது. அவருடைய முதலாளிகளுக்குக் காமிரா லென்ஸ் செய்வதில் நாட்டமில்லாததால் லெஸ்டர் நகரத்து டெய்லர், டெய்லர் அண்டு ஹாப்சன் நிறுவனத்துக்கு அது போயிற்று. (அந்த டெய்லர்களுக்கும் இந்த டெய்லருக்கும் உறவு கிடையாது. தமிழ்நாட்டில் இரண்டு முருகேசன்கள் சந்தித்த மாதிரி.) முக்கியமான பிறழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஓரளவுக்கேனும் அடக்க மூன்று துண்டுக் கண்ணாடி போதும் என்று டெய்லர் நிறுவினார். மூன்றுக்குக் குறைந்து முடியாது. நான்காவதைச் சேர்த்தால் இன்னும் நன்றாக அடங்கும், டெஸ்ஸாரில் நான்கு. ஆகவே உலகெங்கும் மூன்று துண்டு லென்ஸ் என்பது சிக்கன லென்ஸ் என்று பொருள்பட்டது. நான்கு துண்டுக்கு வசதியில்லாதவர்கள் வாங்குவது.

சிக்கனம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா கும்பகோணத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருந்தார். அவரிடம் இரண்டு காமிராக்கள். ஒன்றில் நான்கு துண்டு லென்ஸ். அது கல்யாணத்துக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும். இன்னொன்று மூன்று துண்டு லென்ஸ் பொருத்திய இரட்டைக் கண் காமிரா. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். அது மாற்றுக்கு. 'ஓரமெல்லாம் கரைஞ்சு போவும்டா, பொண்ணு வீட்டுக்காரங்க காசு குடுக்க மாட்டாங்க' என்பார். அதில் எடுத்தே ஆக வேண்டிய நாளில் துளையை எஃப்/8க்குக் கீழே திறக்கமாட்டார். துளை சிறுத்தால் ஓரக் கதிர்கள் வெட்டுப்பட்டு மூன்று துண்டும் நான்கு துண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அவருக்கு ஒளியியல் தெரியாது. பிழையை எப்படி மறைப்பது என்பது மட்டும் கைக்குத் தெரியும்.

கோர்லிட்ஸ்காரர்களுக்கும் அதுவே தெரிந்திருக்க வேண்டும். போர் முடிந்ததும் சோவியத் ராணுவம் இயந்திரங்களைப் போர் இழப்பீடாகப் பெயர்த்துக்கொண்டு போனது. மிஞ்சியதை வைத்துத் தொழிற்சாலை மீண்டது. பின்னர் மக்கள் உடைமையாக்கப்பட்டது. ரோஷ்லைன் ஏற்கெனவே மேற்கே போய்விட்டார். க்ரோய்ட்ஸ்நாக் நகரில் சொந்தக் கம்பெனி வைத்தார். கோர்லிட்ஸில் ட்ரையோப்ளான் தொடர்ந்தது. 100 மில்லிமீட்டர், எஃப்/2.8, பதினைந்து தகடுகள் கொண்ட துளைக்கதவு. அத்தனை தகடுகள் இருப்பதால் துளையைச் சற்று மூடினாலும் குமிழி வட்டமாகவே இருக்கும். இன்று இதுவும் அதன் மகிமைகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

1960களில் பெயர்கள் மாறின. ஒரெஸ்டான், ஒரெஸ்டர், ஒரெஸ்டெகோர், ஒரெஸ்டெகான். ஒரு கிரேக்க நாடகக் குழு மேடையேறுவது போன்ற அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், தாயைக் கொன்று பழிதேவதைகளால் துரத்தப்பட்ட ஒரெஸ்டஸ்தான் எனக்கு நினைவுக்கு வருகிறான். மலிவான காமிராக்களோடு சேர்த்து விற்க டோமிப்ளான் என்ற 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதுவும் மூன்று துண்டுதான். 1968இல் தொழிற்சாலை டிரெஸ்டனின் பென்டகான் கூட்டு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் லென்ஸ்களின் மேலிருந்து மேயர் என்ற பெயரும் ஒரெஸ்ட் குடும்பமும் மறைந்து எல்லாமே பென்டகான் ஆயின. ஒரு தொழிற்சாலையின் பெயர் அழிந்தபிறகும் அதே ஆட்கள், அதே பட்டறையில், அதே லென்ஸைச் செய்துகொண்டிருந்தார்கள். ஏட்டுச்சுவடியில் ஆசிரியர் பெயர் செல்லரித்துப்போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சுவதற்கு ஒப்பிடத் தோன்றுகிறது. ஆனால் அங்கே அரித்தது கறையான். இங்கே ஒரு நிர்வாக ஆணை.

1990இல் கிழக்கு ஜெர்மனி மேற்கின் நாணயத்துக்கு மாறியது. சோஷலிச நாடுகளின் சந்தையை நம்பியிருந்த தொழிற்சாலைகளின் பொருள்கள் ஒரே நாளில் விலை உயர்ந்தவையாகிவிட்டன. அதற்கு முன்பே ஜப்பானிய லென்ஸ்கள் உலகை எடுத்துக்கொண்டுவிட்டன. கோர்லிட்ஸ் ஆலை தனி நிறுவனமாகப் பிரிந்து நின்று பார்த்தது. முதலீட்டாளர் எவரும் கிடைக்கவில்லை. 1991இல் மூடப்பட்டது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்தலாக இருப்பது.

பொக்கே என்ற ஜப்பானியச் சொல்லை 1997இல் அமெரிக்கப் புகைப்பட இதழ் ஒன்று ஆங்கில வாசகர்களிடையே பரப்பியது. மங்கல், தெளிவின்மை என்பது பொருள். படத்தில் கூர்மையாக விழாத பகுதியின் அழகைப் பற்றிப் பேச அப்படி ஒரு சொல் கிடைத்தது. சொல் கிடைத்ததும் கண்களும் கிடைத்தன. 2008இல் கண்ணாடியில்லாக் காமிராக்கள் வரத் தொடங்கின. உள்ளே அசையும் கண்ணாடி இல்லாததால் லென்ஸுக்கும் உணரிக்கும் இடைவெளி குறைவு. ஆகவே எந்த நாட்டு எந்தக் காலத்து லென்ஸையும் ஒரு வளையம் போட்டுப் பொருத்திவிடலாம். அதுவரை அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடந்த ட்ரையோப்ளான்கள் வெளியே வந்தன. விலை பல மடங்கானது. அது கட்டாதவர்கள் புரொஜெக்டர் லென்ஸ்களைத் தேடினார்கள், என் மாணவரைப் போல.

2014இல் கோப்லென்ஸ் நகரத்து நெட் எஸ்இ என்ற நிறுவனம் மேயர் கோர்லிட்ஸ் என்ற வணிகப் பெயரை உயிர்ப்பித்தது. இணையத்தில் முன்பணம் திரட்டிப் புதிய ட்ரையோப்ளான்களைச் செய்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இம்முறை குமிழி என்பது தற்செயலாகத் தங்கிவிட்ட பிழை அல்ல. அதுதான் விற்பனைப் பொருள். பழைய கோர்லிட்ஸில் ஏழைகளின் லென்ஸாக இருந்தது ஆயிரம் யூரோவுக்கு மேல் விலை பெற்றது. 2018இல் அந்த நிறுவனம் திவாலானது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் பலர் பணத்தை இழந்தார்கள். அவ்வாண்டின் இறுதியில் பாட் க்ரோய்ட்ஸ்நாக்கைச் சேர்ந்த ஓபிசி என்ற ஒளியியல் நிறுவனம் பெயரை வாங்கியது. (அன்று ரோஷ்லைன் போய்ச் சேர்ந்த அதே ஊர்.) முந்தையவர்கள் விற்ற லென்ஸ்களில் சில, ரஷ்ய, சீன லென்ஸ்களைச் சற்றே மாற்றியமைத்தவை என்று புதிய உரிமையாளர்களே அறிவித்து அவற்றைக் கைவிட்டார்கள்.

மோசடியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விற்பனைப் பொருள்தான். வழுவமைதிக்கு ஒரு காரணம் வேண்டும். உவப்போ, உயர்வோ, சினமோ, ஏதோ ஒன்று சொல்பவரின் நெஞ்சில் நிகழ்ந்திருக்க வேண்டும். பசுவை அம்மை என்றவர் அந்தக் கணத்தில் அப்படித்தான் கண்டார். அம்மை என்று அழைத்தால் விலை கூடும் என்பதற்காக ஒருவர் அழைத்தால் அதற்கு இலக்கணத்தில் இடமில்லை. என் மாணவருடைய பனித்துளிப் படத்தை நான் இந்தக் கண்டனத்தில் சேர்க்கமாட்டேன். அவர் விடியற்காலையில் வயலில் முழங்காலிட்டு, இருநூறு தடவை எடுத்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தவர். அங்கே உவப்பு இருக்கிறது. ஆனால் குமிழி தெரிய வேண்டும் என்பதற்காகவே எதையாவது முன்னால் நிறுத்தி எடுத்த படங்களை இணையத்தில் ஆயிரக்கணக்கில் பார்த்துவிட்டேன். பத்தாவது படத்திலேயே குமிழி, வழாநிலையைவிடச் சலிப்பூட்டுவதாகிவிடுகிறது.

மாணவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "செஞ்சவங்களுக்குப் பிடிக்காத ஒண்ணு நமக்குப் பிடிக்கக் கூடாதாங்க ஐயா? பழைய பாட்டையெல்லாம் எழுதினவங்க நெனச்ச மாதிரியா நாம படிக்கிறோம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நானே வகுப்பில் வேறு சொற்களில் சொன்னதுதான். எனக்கு விடை கிடைக்காமலிருப்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

சித்தப்பா 2019இல் காலமானார். ஸ்டுடியோ அதற்குப் பல வருடங்கள் முன்பே மூடிவிட்டது. நெகட்டிவ்கள் மட்டும் பழுப்பு உறைகளில், தேதியும் வாடிக்கையாளர் பெயரும் எழுதி, இரும்புப் பெட்டியில் இருந்தன. அவற்றில் ஓர் உறையின் மேல் அவர் கையெழுத்தில் 'கழிவு' என்று இருந்தது. ஆட்டம் கண்டவை, ஒளி புகுந்தவை, கண்மூடியவை. அவற்றுக்கு நடுவில் சித்தியின் படம் ஒன்று. கொல்லையில் முருங்கை மரத்தடியில் நிற்கிறார். சாயங்கால வெளிச்சம் குறைந்திருக்க வேண்டும்; மாற்றுக் காமிராவின் துளையை முழுக்கத் திறந்து எடுத்திருக்கிறார். எஃப்/8க்குக் கீழே திறக்கவே திறக்காத மனிதர். சித்தியின் முகம் சற்றே கரைந்து, முருங்கை இலைகளின் இடுக்குகளில் புகுந்த வெளிச்சமெல்லாம் அவர் தலைக்குப் பின்னால் விளிம்பு ஒளிரும் வட்டங்களாக நிற்கின்றன. அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் அதைவிட அழகான படம் இல்லை என்பது என் தீர்மானம். இல்லை என்பது அவருடைய தீர்மானம். உறையின் மேல் எழுதியே வைத்துவிட்டார்.

ஸ்கேன் செய்து பெரிதாக்கி, சட்டமிடாமல், சித்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"முருங்கை மரம் இருந்தப்ப எடுத்தது. தானேவுல விழுந்திடுச்சு அது" என்றார். பிறகு, "மூஞ்சி தெளிவா இல்லியே தம்பி. அதான் அவுங்க மாட்டல" என்றார்.

கூடத்தில் சித்தப்பா எடுத்த இன்னொரு படம் பல வருடங்களாகத் தொங்குகிறது. நான்கு துண்டு லென்ஸில், எஃப்/8இல், ஸ்டுடியோ விளக்கில், புடைவைக் கரையின் இழைகூடத் தெரிகிற படம். அதன் ஓரம் பழுத்துவிட்டது, அதை வேண்டுமானால் புதிதாகப் போட்டுக் கொடு என்று கேட்டார். கொண்டுபோன படத்தை பேங்க் பாஸ்புக்கும் ரேஷன் கார்டும் இருக்கிற பையில் மடங்காமல் செருகி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.